கம்பி எங்கே இருந்தது

ஆகஸ்ட் 27, செவ்வாய்

துறையில் புது மாணவர்களுக்கான கூட்டம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காரவைத்தார்கள். பெயர், ஊர், சொந்த நாட்டை விட்டு இவ்வளவு தூரம் மேற்படிப்புக்கு ஏன் வந்தோம் – இந்த மூன்றையும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டுமாம்.

நல்ல வேலை கிடைக்கும் என்றான் ஒருவன். என் நாட்டில் இந்தப் பாடத்துக்கு ஆய்வுக்கூடமே கிடையாது என்றாள் ஒருத்தி. உலகத்தைப் பார்க்க என்றான் இன்னொருவன். தாடி வைத்தவன் மட்டும், "என் காதலி இங்கே படிக்கிறாள்" என்றான். அவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

என் முறை வந்தபோது, விசா அதிகாரியிடம் ஒப்பித்த அதே வாக்கியத்தை நாக்கு தானாக எடுத்து வைத்தது. நவீனக் கட்டுமான முறைகளைக் கற்று, என் நாட்டின் வளர்ச்சிக்கு... பேராசிரியர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை. வயதானவர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். உடைந்து விழுந்த கட்டடங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது என்கிறார்கள். அதற்காகத்தானே வந்தேன்.


செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் அப்பா போன் செய்தார். சாப்பிட்டியா பாப்பா, குளிருதா, கதவைத் தாழ் போட்டுக்கிட்டுப் படு. அவ்வளவுதான். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறகு அம்மா பிடுங்கிக்கொண்டு, கடையில் யாரோ பெயிண்ட் வாங்கிவிட்டு, சுவரில் அடித்த பிறகு கலர் பிடிக்கவில்லை என்று திருப்பித்தர வந்த கதையைச் சொன்னாள். சிரித்தேன்.

மூன்று கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. எதிலும் கருத்துச் சொல்லாத அப்பா அன்று மட்டும் மூன்று தாள்களையும் பார்த்துவிட்டு, ஒன்றின் மேல் விரலை வைத்து, "இது" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நான் விரும்பியதும் அதுதான். கேட்டால் என் காரணத்தை நானும் சொல்லவேண்டி வருமே.


செப்டம்பர் 9

அறைத்தோழிக்குக் 'கலெக்டர்' என்று பெயர். நான் வைத்ததல்ல. பிறந்ததிலிருந்தே அவள் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எங்க கலெக்டர்" என்றுதான் அறிமுகம் செய்வாராம். இங்கே பொது சுகாதாரம் படிக்கிறாள். நம் பாஷை பேச ஆள் கிடைத்ததில் இருவருக்கும் தொண்டை கட்டும் அளவுக்குப் பேச்சு.

"நீ எதுக்குடி வந்த?" என்று கேட்டேன்.

"யார்கிட்ட சொல்றேங்கறதைப் பொறுத்தது. எங்கப்பாகிட்ட கேட்டா, ஆராய்ச்சி. எங்க அத்தைகிட்ட கேட்டா, பொண்ணு பார்க்க வந்தவனுங்களுக்குப் பயந்து. நிஜத்தைச் சொல்லட்டுமா? எங்க வீட்டுல ஒரே ரூம்ல அஞ்சு பேர். நான் உள்ள இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட கதவுன்னு ஒண்ணு என் வாழ்க்கையில பாத்ரூம் கதவு மட்டும்தான். எனக்கு ஒரு கதவு வேணும். அதுக்கு ஒரு முதுகலைப் பட்டம் வாங்கணும்னா வாங்கிட்டுப் போறேன்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு அவள், "நீ?" என்றாள். நான் வளர்ச்சி வாக்கியத்தைச் சொன்னேன். "அடிப்போடி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.


செப்டம்பர் 20

மழை. வகுப்பு முடிந்து எல்லோரும் நூலக வாசலில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளத்துக்குக் கீழே ஒதுங்கி நின்றார்கள். நான் மட்டும் நனைந்தபடி வெட்டவெளியில். கலெக்டர் உள்ளேயிருந்து கத்துகிறாள், "லூசா நீ? உள்ள வாடி!" என்னால் போக முடியவில்லை. அப்பாவும் இப்படித்தான். அவர் எந்த சன்ஷேடுக்குக் கீழும் நின்று நான் பார்த்ததில்லை – அந்த நாளுக்குப் பிறகு.

அறைக்கு வந்து தலை துவட்டும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுதிவிடுகிறேன். எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நான் பள்ளிக் கடைசி வருஷம். எங்கள் ஊரில் புதிதாகக் கட்டிய டியூஷன் கட்டடம். ஒரு கான்ட்ராக்டர் கட்டியது. அவரிடம் என் அப்பா சைட் இன்ஜினியர். வாசலில் தூண் இல்லாமல், சுவரிலிருந்து நேராக வெளியே நீளும் ஒரு தளம். ஊரில் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். "எங்கப்பா போட்டது" என்று நான் பெருமையடித்திருக்கிறேன். கட்டி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு மழை நாள் சாயங்காலம், டியூஷன் விட்டுப் பிள்ளைகள் அதற்குக் கீழே ஒதுங்கி நின்றபோது விழுந்தது. நான்கு பேர். அதில் ஒருத்தி வாத்து.

வாத்து என்னோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நடை அப்படி. அவளே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்வாள். அந்த டியூஷனில் நான் சேரவே இல்லை, கணக்கு எனக்குத் தானாக வரும் என்ற திமிர். அவளுக்கு வராது.

விசாரணை நடந்தது. தளத்தின் மேல் மழைநீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டு, எதிர்பாராத அளவுக்குத் தண்ணீர் தேங்கி, அந்தப் பாரத்தால் விழுந்தது என்று முடித்தார்கள். யார் மேலும் குற்றமில்லை. அப்பாவை விட்டுவிட்டார்கள். அவர் வேலையை விட்டார். பெயிண்ட், பைப் விற்கும் கடை வைத்தார். வீட்டில் அந்தப் பேச்சு அதோடு நின்றது. ஆறு வருஷம்.

கலெக்டர் என் கையிலிருந்த துண்டை வாங்கிக் கொடியில் போட்டாள். "அப்போ நீ படிக்க வரல. துப்பு துலக்க வந்திருக்க."

"ஆமா."

"யாரைப் பத்தி?"

அவளுக்கே தெரியும். ஆனாலும் கேட்டாள்.


செப்டம்பர் 21

தண்ணீரா, கம்பியா. இதுதான் கேள்வி. ஆறு வருஷமாக இது ஒன்றுதான் கேள்வி.


அக்டோபர் 3

ஆய்வுக்கு ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் பேராசிரியர். நான் சொன்னேன். ஏன் அந்தச் சிறிய கட்டடம், பெரிய பாலங்கள் எத்தனையோ விழுந்திருக்கின்றனவே என்றார். எங்கள் ஊர் என்றேன். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஊர் மட்டும்தானா?" என்றார். நான் படிவத்தில் கட்டடத்தின் பெயரை எழுதினேன். அவர் வற்புறுத்தவில்லை. "இந்தத் துறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எங்கேயோ ஒரு கட்டடம் விழுந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் எளிது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் சொல்லிப் புரியவைக்கலாம். சுவரிலிருந்து வெளியே நீளும் தளம் தன் பாரத்தால் நுனியில் கீழே தாழப் பார்க்கும். அப்போது அதன் மேல்பக்கம் இழுபடும். கான்கிரீட்டுக்கு நசுக்கினால் தாங்கத் தெரியும், இழுத்தால் தாங்கத் தெரியாது. அதனால் கம்பி மேல்பக்கத்தில் இருக்கவேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மேலே நடப்பார்கள். கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் முட்டு சரியாக இல்லாவிட்டால் கம்பி மிதிபட்டுக் கீழே போய்விடும். மேலே மூடியபின் கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வெறும் கான்கிரீட் கொஞ்ச காலம் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நாள் விடும்.

விழுந்த மறுநாள் காலையில் நான் அங்கே போனேன். அப்பாவைத் தேடிக்கொண்டு. தளத்தின் ஒரு பாதி கீழே நொறுங்கிக் கிடந்தது, மறுபாதி சுவரோடு சுவராகத் தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்த இடத்தில் கம்பிகள் தெரிந்தன. மேலேயிருந்து வந்தனவா, கீழேயிருந்தா? என் நினைவில் இல்லை. கனவில் சில நாள் மேலே இருக்கிறது, சில நாள் கீழே. மேலே இருக்கும் நாளில் நிம்மதியாக விழித்துக்கொள்கிறேன்.


அக்டோபர் 14

நடைபாதையில் பின்னால் யாரோ வாத்துவைப் போலத் தட்டையாகக் காலை வைத்து நடக்கும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருக்கமாட்டாள், அது தெரியும். பார்க்காவிட்டால் கொஞ்ச தூரம் கூடவே வருவாள்.


நவம்பர் 6

இன்று கான்கிரீட் வார்ப்பு. அந்த வாசல் தளத்தைப் போலவே, அளவில் சிறியதாக, இரண்டு. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயார். ஒன்றில் கம்பி இருக்கவேண்டிய இடத்தில். மற்றொன்றில் கான்கிரீட் கொட்டும்போது யாராவது மேலே நடந்து, கம்பியை மிதித்துக் கீழே இறக்கவேண்டும். நிஜத்தில் நடப்பதுபோல.

ஆய்வுக்கூடத்து மெக்கானிக்கிடம் கேட்டேன். மாட்டேன் என்றார். கம்பி மேல் கால் வைக்க மனசு வராதாம், இத்தனை வருஷத்தில் வைத்ததில்லையாம். "உன் ஆராய்ச்சி, உன் கால்" என்று ரப்பர் பூட்ஸை எடுத்து நீட்டினார்.

போட்டுக்கொண்டு ஏறினேன்.

ஒன்றுமே தெரியவில்லை. அதுதான் – அதுதான் தாங்க முடியவில்லை. ஈரக் கான்கிரீட்டில் கால் இறங்குகிறது, கம்பி பூட்ஸுக்கு அடியில் லேசாக அமுங்குகிறது, அவ்வளவுதான். ஒரு சத்தம் கிடையாது. யாரும் எதுவும் செய்ததுபோல இல்லை. ஒருத்தன் சாந்துச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பான். திரும்பி வந்திருப்பான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பான். அவனுக்கு இன்றுவரை தெரியாது.

கீழே இறங்கி, பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மெக்கானிக் குளிர் என்று நினைத்து டீ போட்டுக் கொடுத்தார்.


நவம்பர் 10, ஞாயிறு

அப்பா: சாப்பிட்டியா. குளிருதா.

எனக்கு அவரிடம் கத்த வேண்டும்போல இருந்தது. ஒரு தடவையாவது, இன்னிக்கு என்ன படிச்சன்னு கேட்டா என்னப்பா? கேட்டா நான் பொய் சொல்லுவேன். அந்தப் பொய்யையாவது கேட்கலாமில்ல.

"குளிருதுப்பா" என்றேன்.


நவம்பர் 30

முதல் பனி. வாத்துவுக்கு வெளிநாடு என்றால் ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது. பனியில் வழுக்கி விழவேண்டும். "படிப்பெல்லாம் யாருக்கு வேணும், விழுறதுக்கு ஒரு ஊர் வேணும்" என்பாள்.

இன்று நான் ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தேன். விழவில்லை. விழுந்திருக்கலாமோ.


டிசம்பர் 4

கான்கிரீட் இறுகிவிட்டது. முதல் சோதனை. கம்பி மேலே உள்ள தளம்.

நுனியில் பாரம் ஏற்றிக்கொண்டே போனோம். முதலில் சுவரோரம் மயிரிழை போல ஒரு விரிசல். பிறகு அது கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு சின்ன விரல் போகும் அளவு. நுனி தாழ்ந்தது, இன்னும் தாழ்ந்தது. கிழவர் உட்காருவதுபோல அவ்வளவு மெதுவாக. விழவில்லை. வாசல் தளத்தின் மேல் விளிம்புச் சுவர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் அந்த எடை வராது, அதைத் தாண்டியும் ஏற்றினோம். கோணலாக நின்றதே தவிர விழவில்லை.

அப்படியென்றால் தண்ணீர் இல்லை. தண்ணீரால் மட்டும் விழுந்திருக்காது. விழுவதற்கு முன் நாள்கணக்கில் தொங்கியிருக்கும். யாராவது பார்த்திருப்பார்கள், யாராவது பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பார்கள். வாத்து ஓடியிருப்பாள். அவளுக்கு ஓட்டம் வராது. ஆனாலும்.

நாளை இரண்டாவது. எனக்கு நாளை வேண்டாம்.


டிசம்பர் 5

பாதிப் பாரம்கூட ஏற்றவில்லை.

ஒரு விரிசலும் இல்லை. நான் பக்கத்தில்தான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றுமே இல்லை. பிறகு மடார் என்று ஒரு சத்தம். மெக்கானிக் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். புழுதி அடங்கியதும் பார்த்தேன். தளம் கதவு மாதிரி மடங்கி, சுவரோடு சுவராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அதே தொங்கல். அன்று காலை நான் பார்த்த அதேதான். அந்தக் கோணம், அந்த உடைந்த விளிம்பு, கீழ்ப்பக்கத்திலிருந்து எட்டிப் பார்க்கிற கம்பி. கீழ்ப்பக்கத்திலிருந்துதான். இப்போது ஞாபகம் வந்துவிட்டது. எப்போதும் ஞாபகம் இருந்ததோ என்னவோ.

நாடாவை எடுத்து, கம்பி கீழ்விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதினேன்.

அப்பா. அப்பா. அது உன் வேலைதானே. பார்க்கிறதுதானே உன் வேலை.


டிசம்பர் 8, ஞாயிறு

போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.


டிசம்பர் 11

கலெக்டர் தட்டைக் கையில் கொடுத்து, சாப்பிட்டால்தான் எழுந்து போவேன் என்று எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"கண்டுபிடிச்சாச்சு. இப்ப என்ன பண்ணப்போற?"

"தெரியல."

"வர்றதுக்கு முன்னாடி யோசிக்கலையா?"

யோசித்தேனா? தண்ணீர்தான் என்று வரும் என்று நினைத்துத்தான் வந்தேனோ. அதை எடுத்துக்கொண்டுபோய் அப்பாவின் கையில் கொடுத்து, பாருங்கப்பா, நீங்க இல்ல, என்று சொல்ல. அதற்குத்தான் கடல் தாண்டி வந்தேனோ. குற்றவாளியைப் பிடிக்க வந்ததாக என்னிடமே சொல்லிக்கொண்டு, வக்கீலாக வந்திருக்கிறேன்.

"அவர்கிட்ட சொல்லாத. வயசானவர்" என்றாள் முதலில். தட்டைக் கழுவிவிட்டு வந்து, "இல்ல. சொல்லிடு. எனக்குத் தெரியலடி" என்றாள்.


டிசம்பர் 15, ஞாயிறு

வார்த்தைக்கு வார்த்தை எழுதிவைக்கிறேன். பிறகு நானே மாற்றிவிடக் கூடாது.

எடுத்தேன். அப்பா சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"பாப்பா. டெஸ்ட் முடிஞ்சுதா?"

"எந்த டெஸ்ட்?"

"நீ எதுக்குப் போனியோ, அந்த டெஸ்ட்."

"உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"மூணு காலேஜ்ல இதுதான்னு உனக்கு யாரு சொன்னா? சும்மாவா விரலை வெச்சேன்? அந்தப் பேராசிரியரைப் பத்திப் படிச்சேன். உடைஞ்சதை வெச்சு எப்படி உடைஞ்சதுன்னு சொல்லுவாங்கன்னு போட்டிருந்துச்சு."

கதவைச் சாத்திவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

"என்னை விட்டுட்டாங்க பாப்பா. விட்டுட்டாங்கன்னா நான் செய்யலைன்னு ஆயிடுமா? எனக்கே தெரியல. தளம் போட்ட அன்னிக்குக் காலையில பார்த்தேன், கம்பி மேலதான் இருந்துச்சு. என் கையால ஆட்டிப் பார்த்தேன். கான்கிரீட் போடறப்ப பின்பக்கம் வேற ஒரு வேலை, கூப்பிட்டாங்கன்னு போனேன். வந்து பார்க்கறதுக்குள்ள மூடியாச்சு. பெயர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நம்ம ஆளுங்கதானே, சரியா போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன். உள்ள எங்க இருந்துச்சுன்னு ஆறு வருஷமா எனக்குத் தெரியாது. யாரைக் கேக்கறது? கான்ட்ராக்டரைக் கேட்டா, அதான் தண்ணின்னு எழுதிட்டாங்களே, ஏன் கிளறுறன்னு கேக்கறார். நான் படிச்ச படிப்புக்கு அதைக் கண்டுபிடிக்கத் தெரியாது. அதுக்குத்தான் உன்னை அனுப்பினேன்."

"நீங்க அனுப்பலப்பா. நானாத்தான் வந்தேன்."

"சரி, நீயாத்தான் போன. இப்ப சொல்லு."

பின்னால் அம்மா யாரிடமோ பேசுகிறாள்.

"கீழ இருந்திருக்குப்பா."

"தண்ணி இல்லையா?"

"தண்ணி மட்டும்னா தாங்கியிருக்கும்ப்பா."

"உறுதியா?"

"உறுதியா."

"சரி" என்றார். ரொம்ப நேரம் கழித்து, "சாப்பிட்டியா?" என்றார்.


டிசம்பர் 16

நான் அவரைத் தேடி வந்தேன். அவர் என்னை அனுப்பித் தன்னைத் தேடியிருக்கிறார். ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் ஒரே கேள்வியை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துவைத்திருந்தோம்.


ஜனவரி 7

அம்மா. போனில், நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"ஏண்டி, நீ படிக்கத்தான போன? உங்கப்பாவைக் கொல்லவா போன?"

அப்பா நேற்று கடையைப் பூட்டிவிட்டு நேராகப் பழைய விசாரணை அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். விசாரணையை மறுபடி திறக்கச் சொல்லி மனு. தன் மேல் தானே.

"அங்க இருக்கறவனே, ஐயா வீட்டுக்குப் போங்க, எல்லாம் முடிஞ்ச கதைன்னு அனுப்பியிருக்கான். இந்த மனுஷன் அங்கயே உக்காந்துட்டு வந்திருக்கார். சாயந்திரம் வரைக்கும். விட்ட கேஸை எவனாவது தோண்டுவானா? நாளைக்குப் பிடிச்சு உள்ள வெச்சா நான் என்னடி பண்ணுவேன்? அந்த நாலு புள்ளைங்களும் திரும்பி வந்துடுமா?"

"வராதும்மா."

"அப்புறம் என்னத்துக்கு?"

அவள் அழுதாள். நானும். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "ராத்திரி நல்லாத் தூங்கறார்டி. அதைப் பார்த்தாத்தான் எனக்கு வயித்தெரிச்சல்" என்றாள்.


ஜனவரி 19, ஞாயிறு

"மறுபடி போனேன். இந்தத் தடவை வாங்கி வெச்சுக்கிட்டாங்க" என்றார் அப்பா. வேலை விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தவர் குரல்.


பிப்ரவரி 2

அப்பா வாத்து வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா சொன்னாள். உள்ளே கூப்பிடவில்லையாம். வாசலில் நின்றபடியே கம்பி விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வாத்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இதைச் சொல்ல உங்களுக்கு ஆறு வருஷமா?" என்று கதவைச் சாத்திவிட்டார்களாம். மற்ற மூன்று வீடுகளுக்கும் போனாராம். ஒரு வீட்டில் செருப்பு பறந்து வந்திருக்கிறது. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்தாராம்.


மார்ச் 12

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சைட் இன்ஜினியர் யார் என்பதையும். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். உன் ஆய்வை நம்பமாட்டார்கள், மகள் என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் சந்தேகிப்பார்கள் என்றார். அதனால் இரண்டு தளங்களையும் வேறொரு மாணவனை வைத்து, என்னை உள்ளே விடாமல், முதலிலிருந்து வார்த்துச் சோதிக்க ஏற்பாடு செய்தார்.

மனதுக்குள் ஒரு மூலையில், வேறு முடிவு வரட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். எவ்வளவு கேவலம்.


ஏப்ரல் 24

அதே முடிவு.


ஜூன் 18

பட்டம் வாங்கியாயிற்று. இங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் இதற்காகத்தானே படித்துப் படித்து ஏங்குகிறார்கள். தாடிக்காரன் காதலி அவனை விட்டுப் போய்விட்டாள். ஆனால் அவனுக்கு இப்போது பாலங்கள் பிடித்துப்போய்விட்டனவாம், முனைவர் பட்டத்துக்கு இங்கேயே இருக்கப்போகிறான். கலெக்டருக்குத் தனி வீடு கிடைத்துவிட்டது. எத்தனை கதவு தெரியுமா என்கிறாள். வந்த காரணம் ஒன்று, இருக்கும் காரணம் வேறு. எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிவிடுகிறது.

பேராசிரியர் அனுப்பிய அறிக்கைகளைப் படித்துவிட்டு விசாரணை அலுவலகம் அனுப்பிய அழைப்பு என் கையில். ஜூலை பதினேழு. ஆய்வு செய்தவர் நேரில் வந்து விளக்க வேண்டும்.

வேலைக்கு இரண்டு மாத அவகாசம் கேட்டிருக்கிறேன். கொடுப்பார்களா தெரியாது.


ஜூலை 9

வீடு. அப்பா இளைத்துவிட்டார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாப்பாட்டை மட்டும் மூன்று பேர் அளவுக்கு எனக்கே வைத்தாள்.


ஜூலை 16, புதன்

மதியம் அப்பா கடையை மூடிவிட்டு வந்தார். "எங்க, சொல்லிக்காட்டு. நாளைக்கு என்ன சொல்லப்போற?"

நான் சொன்னேன். நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து கேட்டார். நடுவில் நிறுத்தினார்.

"இங்க தயங்குற. 'மேற்பார்வையில் இருந்தவர் சோதித்திருக்க வேண்டும்'னு சொல்ற இடத்துல குரல் இறங்குது. இறங்கக் கூடாது. இறங்கினா, பொண்ணு அப்பனைக் காப்பாத்தப் பார்க்குதும்பாங்க. மத்ததையும் நம்பமாட்டாங்க. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னேன்.

"இன்னொரு தடவை."

சமையலறையில் பாத்திரம் விழுந்தது. அம்மா போட்டாள் என்று இருவருக்கும் தெரியும். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "ம், சொல்லு" என்றார். நான் குரல் இறங்காமல் சொல்லும்வரை விடவில்லை.


ஜூலை 17, வியாழன்

சிறிய அறை. நீள மேஜை. மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றியது. நான்கு குடும்பங்களும் வந்திருந்தன. கான்ட்ராக்டர் தன் வக்கீலோடு. அப்பா தனியாக, வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு.

அதிகாரி என் பெயர், படிப்பு எல்லாம் கேட்டுவிட்டு, "சைட் இன்ஜினியருக்கு நீங்க என்ன வேணும்?" என்றார்.

"மகள்."

அறையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அந்த இடத்தில் குரல் இறங்கவில்லை. அப்பா என்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் லேசாகத் தலையாட்டினார். பிறகு அவர் எழுந்து, பெயர்த்துப் பார்க்கச் சொல்லாதது தன் தவறு என்றார். கான்ட்ராக்டர் அவசரப்படுத்தினாரா என்று கேட்டதற்கு, "அவசரம் எல்லா சைட்லயும் இருக்கும். நிறுத்துன்னு சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது" என்றார். முடிவு பிறகு வருமாம். என்ன வரும் என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது வாத்துவின் அப்பா படிக்கட்டில் நின்றிருந்தார். பஸ் கண்டக்டர். காக்கிச் சட்டையோடு, வேலைக்கு நடுவில் வந்திருந்தார். என் அப்பா சற்றுத் தள்ளி, வெயிலில் நின்றுகொண்டார்.

"நீ அவகூட ஒரே பெஞ்சுல்ல?" என்றார்.

"ஆமா அங்கிள்."

"உள்ள சொன்னியே, முன்கூட்டி ஒரு அறிகுறியும் இருந்திருக்காது, திடீர்னுன்னு. அது நிச்சயமா?"

"நிச்சயம் அங்கிள். டெஸ்ட்ல என் கண் முன்னால பார்த்தேன்."

எதையோ கேட்க வாயெடுத்து, நிறுத்தி, எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்போ அவளுக்குத் தெரிஞ்சிருக்குமா? பயந்திருப்பாளா?"

உலகத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்தி என்று அப்போது உறைத்தது.

"தெரிஞ்சிருக்காது அங்கிள். பயப்பட நேரம் இல்ல. ஒரு நொடிகூட இல்ல."

"ஒரு நொடிகூட இல்ல" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். மறந்துவிடக் கூடாது என்பதுபோல இன்னொரு முறையும்.

"அவ அம்மா கேப்பா. சரியாச் சொல்லணும்ல" என்றார். பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.